ஆமைக்கரட்டின் நிறம்

வில்லமைன் தெர் ஹோர்ஸ்ட் என்று
போலீஸ் பதிவேட்டில் இருந்தது.
கிருஷ்ணகிரிப் பழையபேட்டை ஒரே வாரத்தில்
வில்லம்மா ஆக்கிவிட்டது.

புளி மண்டியில் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தேன் அப்போது.
கிழியாததாகப் பதினெட்டு கேட்டாள்.
எதற்கு என்றேன்.
"மலைக்கு."
மலைக்குச் சாக்கா என்று மேஸ்திரி எத்திராஜுலு
அன்றைக்குப் பூரா சிரித்தார்.

புளியங்கொட்டைப் பசை காய்ச்சி
சாக்கின் கண்களை அடைத்து
ரஹ்மத் பீ வீட்டு மாடியில்
விறைக்க விடுவாள்.
அவள் ஊர் கடலுக்குக் கீழே இருக்கிறதாம்.
அப்பா பம்ப் மெக்கானிக்காம்,
இரவும் பகலும் தண்ணீரை
வெளியே இறைத்துக் கொட்டுகிற வேலையாம்.
அந்த வருஷம் எங்கள் கிணற்றில்
குடம் மொண்டால் பாதி சேறு.
"வெளியேவா?" என்று ரஹ்மத் பீ
மூன்று தடவை கேட்டாள்.
அப்புறம் கேட்கவில்லை,
வாடகையில் ஐந்து ரூபாய் ஏற்றினாள்.

முதல் வருஷம் எல்லாம் வானம்.
சாக்கில் முக்கால்வாசி வானம்,
அடியில் ஒட்டிக்கொண்டு நாங்கள், ஒரு விரல் அகலம்.
சித்திரையில் மேகம் ஏது?
வீட்டு ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டாள்.
பார்த்தவர்கள் மழை வருமா என்று கேட்டார்கள்.
அன்று ராத்திரி
எல்லா மேகத்தையும் கத்தியால் சுரண்டினாள்.

அடுத்த வருஷம் நிலம் ஒரு சாண் ஏறியது.
அதற்கடுத்த வருஷம் வானம்
வேட்டிக் கரை அளவு.
பிறகு அதுவும் போய்
கல்.
பர்கூர் பஸ்ஸில் கறுப்புக் குடையோடு போய்
தினமும் அதே ஆமைக்கரடு.
ஆடு மேய்க்கும் கெம்பம்மா எட்டிப் பார்த்து
என் ஆடு எங்கே என்றாளாம்.
ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தாள்.
மற்ற பதினொன்று எங்கே என்று சண்டை.

சின்ன வயதில் ஓவிய வாத்தியார்
பெண்களுக்குப் பூ போதும் என்றாராம்,
வெளியில் நிற்க உடம்பு தாங்காது என்று.
சொல்லிவிட்டு முழங்கையைக் காட்டினாள்,
தோல் உரிந்து, கீழே புதுத் தோலும் உரிந்து.

கரட்டுக்கு ஊதா அடித்திருந்தாள்.
கத்திரிக்காய் ஊதா இல்லை,
நாவல்பழம் தின்ற நாக்கில்
மறுநாள் மிச்சம் இருக்குமே, அது.
பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், கரடு சாம்பல்.
கண் டாக்டரிடம் போகச் சொன்னேன்.
"மழை பெய்து பத்து நிமிஷம். அப்போது பார்."
மழைக்கு நான் எங்கே போவேன்.

விசா நீட்டவில்லை.
இரண்டு மாத வாடகைக்கு ஈடாக
அந்தப் படத்தை விட்டுப் போனாள்.
ரஹ்மத் பீ அதை மாடி ஜன்னலுக்குத்
தட்டியாக அடித்துவைத்தாள்.
சாரலுக்கு நல்ல மறைப்பு.

எட்டு வருஷம் கழித்து குவாரி வந்தது.
நான் எடைமேடைக்கு மாறியிருந்தேன்.
முதல் கல் லாரியில் வந்து நின்றது,
அறுத்த தண்ணீர் இன்னும் காயாமல்.
உள்ளே முழுக்க
ஊதா.
அலை அலையாக, நாக்கு நாக்காக.
பத்தொன்பது டன் இருநூற்று நாற்பது கிலோ என்று எழுதினேன்.
கை எழுதியது.
வியாபாரத்தில் அதற்கு பாரடைஸோ என்று பெயர்.
சேருமிடம்: ராட்டர்டாம்.

அவள் உயிரோடு இருக்கிறாளா தெரியாது.
இருந்தால், யாராவது வீட்டுச் சமையல் மேடையில்
வெங்காயம் நறுக்கப் போனவள்
கத்தியைக் கீழே வைத்திருக்கலாம்.
ஈரத் துணியால் துடைத்தும் பார்த்திருக்கலாம்.

ஜன்னலைக் கழற்றி
படத்தை நான் வாங்கிக்கொண்டேன், முந்நூறு ரூபாய்.
ஒரு நாள் யாரும் இல்லாதபோது
எடைமேடையில் வைத்தேன்.
முள் அசையவில்லை.

ஆமைக்கரடு இப்போது நாற்பது ஆள் ஆழம்.
ஊற்று விடாமல் வருகிறது.
இருபத்தைந்து குதிரைச் சக்தி மோட்டார்
இரவும் பகலும்
வெளியே இறைத்துக் கொட்டுகிறது.
பம்ப் பார்க்கிற பையனிடம்
ஒரு மெக்கானிக்கின் மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.
லாரி வந்துவிட்டது.